காயத்துக்குள் ஓடும் கரண்ட்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சீனி வருத்தக்காரர் யாராவது இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை ஒரு மாணவியின் வாப்பா தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். சின்ன மெசின், இரண்டு வயர், ஒட்டுகிற இரண்டு பட்டைகள். "சேர், கரண்ட் பிடிச்சா சீனிப் புண் ஆறுமாம். உண்மையா?" என்று கேட்டார். அவருடைய உம்மாவின் காலில் மாதக்கணக்காக ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. ஆம் என்று சொன்னாலும் பிழை, பொய் என்று சொன்னாலும் பிழை. இதற்கு நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

மின்சாரம் என்ற ஒன்று இருப்பதை மனிதன் அறிவதற்கு முன்பே அதை மருந்தாகப் பயன்படுத்தியிருக்கிறான். முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கால்மூட்டு வாதத்துக்கும் உயிருள்ள திருக்கை இன மீன் ஒன்றைத் தொடச் சொன்னார். தொட்டால் உடம்பை உதறி மரத்துப்போகச் செய்யும் மீன் அது. 1200 அளவில் எகிப்துக்குப் போன பக்தாத் வைத்தியர் அப்துல் லத்தீப், நைல் நதியின் அப்படியான மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். அறபியில் அதன் பெயர் ரஅ்ஆத். சூறா ரஃதை ஓதும் நமக்கு அந்தச் சொல் தெரியும்: இடி.

1791இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரப் பேராசிரியர் லூயிஜி கல்வானி, செத்த தவளையின் கால் மின்பொறி பட்டுத் துடிப்பதைப் பற்றி எழுதினார். உயிரின் உடம்புக்குள்ளேயே மின்சாரம் உண்டு என்பது அவரது வாதம். இல்லை, அது நீர் தொட வைத்த உலோகங்களில் இருந்து வருகிறது என்று வோல்ட்டா மறுத்தார். அந்தச் சண்டையில்தான் 1800இல் உலகுக்கு முதல் பற்றரி கிடைத்தது. வோல்ட்டா வென்றுவிட்டார் என்றே உலகம் நினைத்தது. கல்வானி 1798இலேயே மௌத்தாகிவிட்டார். ஆனால் அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

அதே காலத்தில் வியாபாரிகளும் வந்துவிட்டார்கள். 1796இல் அமெரிக்காவில் எலிஷா பேர்கின்ஸ் என்ற வைத்தியர் இரண்டு உலோகக் குச்சிகளுக்குக் காப்புரிமை பெற்றார். நோவுள்ள இடத்தில் தடவினால் சுகமாகும் என்றார். பெரிய பெரிய ஆட்களே வாங்கினார்கள். 1799இல் இங்கிலாந்து வைத்தியர் ஜோன் ஹேகார்த் ஒரு வேலை செய்தார். மரக்குச்சிகளை உலோகம் போலத் தெரியவைத்து, வாத நோயாளிகள் ஐந்து பேரைத் தடவினார். நான்கு பேர் சுகம் தெரிகிறது என்றார்கள்! அடுத்த நாள் உண்மையான குச்சியிலும் அதே பலன்தான். சுகத்தைக் கொடுத்தது குச்சி அல்ல, நம்பிக்கை. எந்த மெசினின் விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த மரக்குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உண்மையான பாதை. 1840களில் ஜெர்மனியின் எமில் டு போவா ரேமொண்ட், மிக நுட்பமான கல்வனோமானியைச் செய்து, தன் விரலிலேயே காயம் உண்டாக்கி அளந்தார். காயத்திலிருந்து மின்னோட்டம் வெளியேறுவதைக் கண்டார். ஏறத்தாழ ஒரு மைக்ரோ அம்பியர், அதாவது ஓர் அம்பியரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கல்வானியின் வாதத்துக்கு மனித விரலே சாட்சி சொன்னது.

ஆனால் மின்சார பெல்ட் விற்றவர்களின் புரளியில் இந்தத் துறையின் பெயரே கெட்டுப்போனது. 1982இல்தான் லயனல் ஜஃபேயும் அவரது தோழர்களும் கினிப் பன்றியின் தோலை அளந்து, அது ஒரு பற்றரி போலவே இயங்குவதைக் காட்டினார்கள். தோலின் கலங்கள் சோடியம் அயன்களை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதனால் உள்ளே நேர், வெளியே மறை. தோல் கிழிந்தால் அந்த இடத்தில் பற்றரி ஷோர்ட் ஆகி, கரண்ட் வெளியே கசிகிறது. 2006இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் மின் ஷாவோ குழுவினர், கலங்கள் அந்த மின்புலத்தைப் பின்பற்றிக் காயத்தை மூட நகர்வதையும், அதைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகுகளையும் கண்டுபிடித்தார்கள். சுப்ஹானல்லாஹ்! கைகால் வெட்டுப்பட்டதும் "இங்கே வாருங்கள்" என்று கலங்களுக்கு வழிகாட்டும் ஓர் ஏற்பாட்டை அல்லாஹ் தோலுக்குள்ளேயே வைத்திருக்கிறான்.

ஆறாத புண்ணில் இந்தச் சமிக்ஞை பலவீனமாகிறது என்றால் வெளியிலிருந்து கொடுக்கலாமே? 1988இல் அமெரிக்காவில் குளொத், ஃபீடர் என்ற இருவர் ஆழமான புண்ணுள்ள 16 பேரில் இதைச் சோதித்தார்கள். ஒன்பது பேருக்கு நாளுக்கு 45 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள் உண்மையான கரண்ட். ஏழு பேருக்குப் பட்டை மட்டும், கரண்ட் இல்லை. இது ஹேகார்த்தின் மரக்குச்சி முறைதான்! ஒன்பது புண்களும் சராசரியாக ஏழு கிழமைகளில் ஆறின. மற்ற ஏழும் சராசரியாகப் பெரிதாகின. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நேர்மையான ஆய்வு.

1997இல் அமெரிக்க அரசின் மெடிகெயார் காப்புறுதி இந்தச் சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்றது. நோயாளிகளும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களும் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கினார்கள். 2002இல் மெடிகெயார் நிபந்தனையோடு ஏற்றது. வழமையான சிகிச்சையை 30 நாள் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் இல்லாவிட்டால் மட்டும், அதுவும் வைத்தியரின் கண்காணிப்பில். அந்த நிபந்தனையைக் கவனியுங்கள்.

2020இல் 913 பேரை உள்ளடக்கிய 20 ஆய்வுகளைக் கொக்ரேன் அமைப்பு ஒன்றுசேர்த்துப் பார்த்தது. படுக்கைப் புண் ஆறுவதற்கு மின்தூண்டல் உதவக்கூடும் என்பது அதன் முடிவு. ஆனால் சீனிப் புண்ணின் கதை வேறு. சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டல் குழு, வழமையான நல்ல சிகிச்சைக்குப் பதிலாக மின்சாரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. காரணம் எளிது. காலுக்கு இரத்தம் ஓடாவிட்டால், எலும்புக்குள் கிருமி போயிருந்தால், அதே புண்ணை ஊன்றி ஊன்றி நடந்தால், எந்தக் கரண்டாலும் அதை ஆற்ற முடியாது. எலும்பில் கிருமி, புற்றுநோய், இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை ஆபத்தாகவும் முடியலாம்.

அந்த வாப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: "விஞ்ஞானம் உண்மை. அந்த விளம்பரத்தை நம்பாதீங்க. மெசினுக்குக் குடுக்குற காசை உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வைங்க. காலில இரத்தம் ஓடுதா, எலும்பில கிருமி இருக்கா என்று டொக்டர்கிட்ட கேளுங்க. புண்ணை ஊன்றாம இருக்க என்ன செருப்பு போடணும் என்றும் கேளுங்க. மருந்து கட்டுறத ஒரு நாளும் விடாதீங்க. இதெல்லாம் செய்தும் ஆறாட்டி, அப்ப இந்தக் கரண்ட் வைத்தியத்தைப் பற்றி அவர்கிட்டயே கேளுங்க."

தவளைக் காலிலிருந்து மனிதப் புண் வரை வர விஞ்ஞானத்துக்கு 200 வருடம் பிடித்தது. சீனிக்காரரின் கால் அவ்வளவு காலம் காத்திருக்காது. பிந்திப் போனால் விரல் போகும், பிறகு கால் போகும். நம் ஊரில் இதைப் பார்க்காத குடும்பம் குறைவு. இன்றிரவே உங்கள் உம்மா வாப்பாவின் பாதங்களை லைட் பிடித்து ஒருமுறை பாருங்கள்.

யா அல்லாஹ், நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன்.