அலைச்சார்புச் சரிவும் ஒத்திசைவு இழப்பும்

குவாண்டம் இயக்கவியலில் ஒரு துகள் ஒரே சமயத்தில் பல நிலைகளின் கலவையாக இருக்கலாம். அளக்கும்போது ஒரே விடைதான் கிடைக்கிறது. இந்த மாற்றத்தை ஆராயும்போது இரண்டு கருத்துகள் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. சுற்றுப்புறத்தோடு ஏற்படும் தொடர்பால் கலவையின் குறுக்கீட்டு விளைவு மறைவது ஒத்திசைவு இழப்பு. துகளின் நிலையை விவரிக்கும் அலைச்சார்பு தானாகவே சுருங்கும்படி, அதன் போக்கை ஆளும் சுரோடிங்கர் சமன்பாட்டையே திருத்துவது சரிவு மாதிரி.

கோவில்பட்டிக் கரிசல் காட்டில் கோடைக்காற்று கிளப்பும் புழுதியில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு குறுக்களவுள்ள ஒரு மணியை எடுத்துக்கொள்வோம். காற்று மூலக்கூறுகள் அதன்மீது நொடிக்கு ஏறத்தாழ 10¹⁸ முறை மோதுகின்றன. மணி இருக்கும் இடம் பற்றிய தகவல் ஒவ்வொரு மோதலிலும் வெளியே கசிகிறது. எனவே அது ‘இங்கும் அங்குமாக’ இருக்கும் நிலை உருவான கணமே குலைந்துவிடும். காற்றை அகற்றினாலும் ஒளியும் வெப்பக் கதிர்வீச்சும் அந்த வேலையைச் செய்துவிடும் என்பதை 1985இல் இயற்பியலாளர்கள் யோஸும் சேயும் கணக்கிட்டுக் காட்டினர்.

கிரார்தி, ரிமினி, வெபர் ஆகியோரின் 1986ஆம் ஆண்டுச் சரிவு மாதிரியில் ஒரு புரோட்டானின் அல்லது நியூட்ரானின் அலைச்சார்பு சராசரியாக 30 கோடி ஆண்டுக்கு ஒருமுறை 10⁻⁷ மீட்டர் அளவுக்குள் சுருங்கும். அதே புழுதிமணியில் அத்தகைய துகள்கள் சுமார் 10¹⁵ இருப்பதால், பத்து நொடி வாக்கில் முழு மணியும் ஓரிடத்தில் நிலைபெறும். ஒரு கிராம் மண்கட்டிக்கு நொடியில் கோடியில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆனால் திறந்தவெளியில் காற்று எப்போதும் முந்திக்கொள்கிறது. சரிவைத் தேடுவோர் வெற்றிடத்தையும் கடுங்குளிரையும் நாடுவது இதனால்தான்.

சராசரி எடுத்துப் பார்த்தால் ஒத்திசைவு இழப்பு, சரிவு இரண்டையும் ஒரே வகைச் சமன்பாடு விவரிக்கிறது. அதை 1976இல் கோரினி, கோசகோவ்ஸ்கி, சுதர்சன் ஆகிய மூவர் ஒருபுறமும், லிண்ட்பிளாட் தனியே மறுபுறமும் கண்டடைந்தனர். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற சுதர்சன், 1980களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அவர் பி. எம். மேத்யூஸ், ஜெயசீதா ராவ் ஆகியோருடன் 1961இலேயே வெளியிட்ட கட்டுரை இதற்கு அடித்தளம் இட்டது. மேத்யூஸ் சென்னைப் பல்கலைக்கழகக் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். பாடநூல்கள் பலவும் ‘லிண்ட்பிளாட் சமன்பாடு’ என்று மட்டும் குறிப்பிடுவது இவர்களுக்குச் செய்யும் அநீதி.

சமன்பாடு ஒன்றானாலும் பொருள் வேறு. ஒத்திசைவு இழப்பு குறுக்கீட்டை மறைக்கிறதே தவிர, பல விடைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. அளக்கும்போது ஒரே விடை ஏன் கிடைக்கிறது என்ற அளவீட்டுச் சிக்கல் அதனால் தீர்ந்துவிட்டது என்பது மிகை. சரிவு மாதிரி அதைத் தீர்க்கிறது. விலையாக, பொருள்கள் மிகச் சிறிதளவு சூடாகும் என்றும், மின்னூட்டத் துகள்கள் மெல்லிய கதிர்வீச்சு வெளியிடும் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவை சோதிக்கத்தக்கவை. இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வுக்கூடத்தில் அக்கதிர்வீச்சைத் தேடி 2020இல் வெளியிட்ட முடிவு, ஈர்ப்பு விசையோடு சரிவை இணைக்கும் டியோஷி–பென்ரோஸ் மாதிரியின் மிக எளிய வடிவத்தைத் தள்ளுபடி செய்தது.

ஒத்திசைவு இழப்பு படிப்படியாக நிகழ்வதை 1996இல் பாரிசில் இயற்பியலாளர் ஆரோஷின் குழுவினர் சோதனையில் கண்டனர். தன்னியல்பான சரிவை இதுவரை எந்தச் சோதனையும் கண்டதில்லை.