உதுவன்கந்தைக் கள்வனும் கண்டி வீதியும்
மாவனல்லையை அண்டி எழும் உதுவன்கந்தைப் பாறைக்குன்றில் பதுங்கியிருந்த சூர சரதியல், இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்பது ஊரறிந்த கதை. கொடுத்ததற்கான சான்று மிகச் சொற்பம். அமெரிக்கக் கொள்ளைக்காரன் ஜெசி ஜேம்ஸ் ஒரு விதவையின் கடனை அடைத்தான் என்ற கதைக்கும் இதே கதிதான். சரதியலை வீரனாக்கியது அவன் கைக்கொடை அல்ல, கண்டி வீதி என்பதே என் வாதம். 1820களில் ஆங்கிலேயர் வெட்டிய அந்த வீதிக்காக 1833இல் மாவனல்லையில் மகா ஓயாவின் குறுக்கே செங்கல் வளைவுப் பாலம் எழுந்தது. ரயில் 1867இல்தான் கண்டியை எட்டியது. அதுவரை மலைநாட்டுக் கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டியில் இந்த வழியாகத்தான் இறங்கின. தோட்டங்களுக்கான அரிசியும் பணமும் இந்த வழியாகத்தான் ஏறின. கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன் மாடுகள் தளர்ந்து ஊர்ந்துவரும் இடத்தில், குன்றின் மேலிருப்பவனுக்கு வீதி முழுதும் கண்முன்னே கிடந்தது.

அப்படியானால் அவன் வெறும் கொள்ளைக்காரன்தானே, அவனைக் கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1864 மார்ச் 21 அன்று அவனைப் பிடிக்கப்போன இடத்தில் சூடுபட்டு இறந்த கொன்ஸ்டபிள் சபான், கூலிக்கு உழைத்த ஒரு மலாயர். கடமையில் உயிரிழந்த இலங்கையின் முதல் பொலிஸ்காரர் என்று இன்றும் அந்நாளில் நினைவுகூரப்படுகிறார். பறிகொடுத்தவர்களிலும் துரைமாரைவிட வண்டிக்காரர்களே அதிகம் இருந்திருக்க வேண்டும். அந்த இழப்பைக் கதை மறைத்துவிட்டது, அது அதன் பெருங்குறை. ஆனால் கதை அவனுக்கு நற்சான்றிதழ் எழுத வந்ததல்ல. உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் 1840ஆம் ஆண்டுச் சட்டம் முடிக்குரியதாக்கியது. கோப்பித் தோட்டங்கள் அவற்றை விழுங்கின. 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. அதில் தலைமை ஏற்று, சுட்டுக் கொல்லப்பட்ட புரன் அப்புவும் முன்பு அரசு தேடிய கொள்ளைக்காரனே. சட்டம் தோட்டத்துரையின் பக்கம் நிற்பதைக் கண்ட சனம், சட்டம் துரத்தியவனைத் தன்னவனாக எடுத்துக்கொண்டது. கொடைக்கதை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கதையில் உறுதியான சான்றுள்ள பகுதி ஒன்று உண்டு, அதைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். சரதியலின் உற்ற கூட்டாளி மம்மலே மரிக்கார் ஒரு முஸ்லிம். 1864 மே 7 அன்று கண்டியில் இருவரும் ஒன்றாகவே தூக்கிலிடப்பட்டார்கள். 2001 மே மாதத்தில் இதே மாவனல்லையில் மூண்ட இனக்கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. சரதியலைச் சிங்கள வீரனாக மட்டும் சொல்பவர்கள் மம்மலேயைக் கதையிலிருந்து நீக்கியே அப்படிச் சொல்ல முடியும்.