தொகுதிகளின் கதை – 7: வளர்ந்தும் தோற்ற கணக்கு

ஆர்.ஏ. கோபாலசுவாமி. இந்தப் பெயரோடுதான் சென்ற வாரம் நிறுத்தினோம். 1951-ல் இந்தியாவையே எண்ணி முடித்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர். மூன்று குழந்தைகளுக்கு மேல் நாடு தாங்காது என்று தம் அறிக்கையிலேயே எச்சரித்தவர். பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக அமர்ந்து, கருத்தடை அறுவை சிகிச்சைக்கு ஊக்கத்தொகை தரும் திட்டத்துக்குத் துணை நின்றார். தலைகளை எண்ணியவரே தலைகள் பெருகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு டெல்லியில் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று கேட்டிருந்தேன்.

விலைப்பட்டியலின் முதல் வரி 1961-ல் எழுதப்பட்டது.

1961 மார்ச் 1. சூரிய உதயம். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குக்கு அதுதான் எல்லைக்கோடு. உதயத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குக் கணக்கில் இடம் உண்டு. பொழுது விடிந்து பிறந்தால் இன்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். பிப்ரவரியில் வீடு வீடாக ஏறி இறங்கிய கணக்கெடுப்பாளர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள். கதவு நிலையில் எண், கையில் கணக்கெடுப்புச் சீட்டுகள். வீடு வாசல் இல்லாதவர்களைக் கடைசி இரவில், அவர்கள் படுத்திருக்கும் இடத்திலேயே எண்ணினார்கள்.

சென்னையின் இன்றைய மேற்குப் புறநகர் அன்று செங்கல்பட்டு மாவட்டம். ஏரிகளும் வயல்களும் நடுவே சில ஆலைப் புகைபோக்கிகளும். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலைக்கு அப்போதே பத்து வயது தாண்டிவிட்டது. டன்லப் டயர் ஆலை புதுசு. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வரும். 1955-ல் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்ட அதே ஆவடிதான். தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் தகரப் பெட்டியோடு இளைஞர்கள் ரயில் ஏறி வந்து இறங்கினார்கள். ஊர் பெருத்துக்கொண்டிருப்பது கண்கூடாகத் தெரிந்தது.

ஆனால் டெல்லியின் பேரேட்டில் இந்தப் பெருக்கம் ஏறவில்லை. திருநெல்வேலியில் கழிந்தது அம்பத்தூரில் கூடியது, அவ்வளவுதான். மாநிலத்தின் கூட்டுத்தொகை மாறவில்லை. அதே ஆள் பெங்களூருக்கோ பம்பாய்க்கோ ரயில் ஏறியிருந்தால், அவன் தலை அந்த மாநிலத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும்.

கூட்டிப் பார்த்தார்கள். சென்னை மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியிலிருந்து 3.37 கோடியாக உயர்ந்திருந்தது. பத்தாண்டில் கிட்டத்தட்ட 12 சதவீத வளர்ச்சி. இந்தியாவின் வளர்ச்சியோ 21.5 சதவீதம். கோபாலசுவாமியின் திட்டம் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. இந்த வித்தியாசத்துக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. நாம் குறையவில்லை, வளர்ந்தோம். மற்றவர்கள் நம்மைவிட வேகமாக வளர்ந்தார்கள். எளிதாகச் சொன்னால், 1951-ல் ஆயிரம் இந்தியர்களை ஒரு திடலில் நிறுத்தினால் அதில் சுமார் 83 பேர் நம்மவர்கள். 1961-ல் அது 77 ஆகிவிட்டது. திடலைவிட்டு ஆறு பேர் வெளியே போகவில்லை. திடல்தான் பெரிதாகிவிட்டது.

அரசியல் சட்டத்தின் 81-வது பிரிவு மாநிலங்களுக்கு மக்களவை இடங்களை மக்கள்தொகை விகிதப்படிதான் பிரித்துத் தரச் சொல்கிறது. எல்லா மாநிலத்துக்கும் முடிந்தவரை ஒரே விகிதம். புதிய கணக்கு வந்தபின் தொகுதி மறுவரையறை ஆணையம் உட்கார்ந்தது. 1957-லும் 1962-லும் 41 பேரை மக்களவைக்கு அனுப்பிய மாநிலம், 1967-ல் 39 பேரைத்தான் அனுப்பியது. அதே தேர்தலில் நம் சட்டமன்றம் 206-லிருந்து 234 இடங்களாகப் பெருத்தது. கோட்டையில் நாற்காலிகள் கூடின, டெல்லியில் குறைந்தன. ஆட்சி மாற்றத்தின் ஆரவாரத்தில் அந்த இரண்டு நாற்காலிகளைத் தேடியவர்கள் மிகக் குறைவு.

இரண்டு இடம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று, ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. இழந்த அந்த இரண்டு இடங்களுக்கு ஏன் இழப்பீடு தரக்கூடாது என்று 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மத்திய அரசைக் கேட்டது. அரை நூற்றாண்டு கழித்துத்தான் அந்தக் கேள்வி நீதிமன்றப் படி ஏறியது.

பழைய கதைக்குத் திரும்புவோம். 1971 வருவதற்குள் குடும்பக் கட்டுப்பாடு சுவர்தோறும் சிவப்பு முக்கோணமாக நாடெங்கும் ஏறிவிட்டது. 1971 கணக்குப்படி தமிழ்நாட்டில் 4.12 கோடிப் பேர், 39 இடங்கள். ஓர் உறுப்பினருக்குச் சுமார் 10.5 லட்சம் பேர். உத்தரப் பிரதேசத்துக்கு 85 இடங்கள்; அங்கும் கிட்டத்தட்ட அதே விகிதம். துலாக்கோல் நேராக நின்றது. ஆனால் அடுத்த கணக்கில் அது சாயும் என்பது கணக்குத் தெரிந்த எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு பிள்ளை போதும் என்று ஒரு தாயிடம் கேட்டுக்கொண்ட அரசு, அவள் கேட்டதற்காகவே அவள் மாநிலத்தின் குரலைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்? இந்தத் தொடரை எழுத என்னை உட்கார வைத்த கேள்வி அதுதான்.

1976 ஏப்ரல் 16. நெருக்கடி நிலைக் காலம். மத்திய சுகாதார அமைச்சர் கரண் சிங் தேசிய மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டார். மக்களவை இடங்கள் 2001 வரை 1971 கணக்கிலேயே நிற்கும் என்றது அந்த அறிக்கை. ஆண்டு முடிவதற்குள் 42-வது திருத்தம் அதைச் சட்டமாக்கியது. நமக்கு நன்மைதான். ஆனால் அந்த முடிவு வந்தபோது கோட்டையில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசே இல்லை. ஜனவரி 31-லேயே திமுக ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. நமக்கான காப்பு, நம்மைக் கேட்காமலே எழுதப்பட்டது.

அந்தத் திருத்தம் மாட்டியது ஒரு பூட்டு அல்ல, இரண்டு. ஒன்று மாநிலங்களுக்கு இடையே. மற்றது மாநிலத்துக்கு உள்ளே. தொகுதி எல்லைகளையும் அசைக்கக் கூடாது. வெளிப் பூட்டு நம்மைக் காத்தது. உள்பூட்டு அம்பத்தூரையும் ஆவடியையும் நெரித்தது. தொழிற்பேட்டை வந்தது, வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் வந்தன, வயல்கள் மனைகளாயின. 2011-ல் அம்பத்தூரில் மட்டும் 4.66 லட்சம் பேர். ஆனால் 2008 வரை அம்பத்தூர் என்றோ ஆவடி என்றோ மதுரவாயல் என்றோ ஒரு சட்டமன்றத் தொகுதி கிடையாது. வில்லிவாக்கம் போன்ற பழைய தொகுதிகளில் வாக்காளர்கள் லட்சக்கணக்கில் குவிந்து கிடந்தார்கள்.

2008-ல் உள்பூட்டு மட்டும் திறந்தது. மேற்குப் புறநகருக்குப் புதிய தொகுதிகள் கிடைத்தன. திருவள்ளூர் என்று ஒரு மக்களவைத் தொகுதியும் மறுபடி பிறந்தது. மொத்த இடங்கள் 39 மட்டுமே. ஒன்று பிறந்தால் ஒன்று மறைந்தாக வேண்டும்.

புதிய பட்டியலைப் புரட்டினால் ஒரு பெயர் இல்லை. மன்னர் ஆண்ட தனிச் சமஸ்தானமாக இருந்து, இந்தியாவோடு இணைந்து, தனக்கென்று மக்களவை உறுப்பினரை அனுப்பிக்கொண்டிருந்த ஊர்.

புதுக்கோட்டை.

அந்தத் தொகுதியை எத்தனை துண்டாக்கி யார் யாருக்குப் பங்கு வைத்தார்கள்?

(தொடரும்)