பொது இடத்தில் ஒரு குருவானவர்



ஆகஸ்ட் 29-ஆம் தேதி பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8 வரை அடையாற்றுச் சாலைகளில் காவி உடுத்திய திருப்பயணிகள் நடந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் பதினொரு நாளும், "இந்தக் காலத்தில் கத்தோலிக்கராக இருந்து என்ன பயன்?" என்று யாரும் கேட்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் நம் வீட்டுப் பிள்ளைகளே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கூட்டத்தைக் காட்டி அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதும் அல்ல. நாடு விடுதலை பெற்ற நாள்களில் இதை நேருக்கு நேர் சந்தித்த ஒருவர் நம் சென்னையில் இருந்தார். இலயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த இயேசு சபைக் குரு, அருள்தந்தை ஜெரோம் டிசூசா. 1897-இல் மங்களூரில் பிறந்தவர். இந்தியாவின் அரசமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினராக அமர்ந்தார்.

அப்போது நிலைமை என்ன? ஆங்கிலேயர் காலத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல், தனி இடங்கள். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டமன்றத்தில் மட்டும் 8 இடங்கள். கிறிஸ்தவர் வாக்களிப்பார், கிறிஸ்தவரே தேர்வாவார். வசதியான ஏற்பாடுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லாத ஏற்பாடு. அவருடைய குறையைக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை!

1947 ஆகஸ்டில் தனி வாக்காளர் பட்டியல் வேண்டாம் என்று சபை முடிவு செய்தது. ஆனாலும் சென்னையிலும் பம்பாயிலும் கிறிஸ்தவர்களுக்கு ஒதுக்கீட்டு இடங்கள் தொடரலாம் என்றிருந்தது. நாட்டுப் பிரிவினையின் இரத்தம் காயாத நேரம் அது. சிறுபான்மையினர் கையில் கிடைத்த பாதுகாப்பை இறுகப் பிடித்துக்கொள்வது இயல்பு. ஆனால் 1949 மே மாதத்தில் மதத்தின் பெயரால் இட ஒதுக்கீடே வேண்டாம் என்ற முடிவு வந்தபோது, சபையின் துணைத் தலைவரான வங்காளக் கிறிஸ்தவர் எச். சி. முகர்ஜியும் நம் அருள்தந்தையும் அதன் பக்கம் நின்றார்கள். சபைக் குறிப்புகளில் அருள்தந்தையின் பெயருக்கு அருகே 'சென்னை: பொது' என்றே அச்சாகியிருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். குருவின் அங்கியோடு அவர் அமர்ந்திருந்தது பொது இடத்தில்.

இது கோழைத்தனம் என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆண்டவர் சொன்ன புளிப்பு மாவு உவமையில் அந்தப் பெண் புளிப்பு மாவைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைக்கவில்லை. மூன்று மரக்கால் மாவுக்குள் பிசைந்தார். கத்தோலிக்கர் தம் இடத்தைச் சட்டத்தால் அல்ல, பணியால் பெற வேண்டும் என்பதே அந்த முடிவின் உட்பொருள். அருள்தந்தையும் சொன்னதோடு நின்றுவிடவில்லை. ஐக்கிய நாடுகள் அவைக்கு இந்தியக் குழுவின் உறுப்பினராகப் பலமுறை சென்றார். 1951-இல் ஏழைகளின் நிலையை ஆராய இந்தியச் சமூக நிறுவனத்தைத் தொடங்கினார்.

சட்டமன்ற இடங்களை விட்டோம். சில உரிமைகளை விடவில்லை. நம்பிக்கையை அறிவிக்கும் உரிமை 25-ஆம் பிரிவில் நிலைத்தது. 1948 டிசம்பரில் அதைப் பற்றிய விவாதத்தில், நம் ஊர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் படித்ததையும், தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்பதையும் சொன்னார். அவையில் நமக்காக அன்று பேசியது அந்த ஆசிரியர்களின் உழைப்பு. சொந்தமாகக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை 30-ஆம் பிரிவில் இருக்கிறது.

கதை இங்கேயே முடிந்தால் நாம் பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். முடியவில்லை. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வந்தது. பட்டியல் சாதியினருக்கான உரிமைகள் கிறிஸ்தவரான தலித் மக்களுக்கு இல்லை என்றாயிற்று. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் அதில் சேர்த்தார்கள். நம்மவர்களை இன்னும் சேர்க்கவில்லை. ஆகவேதான் ஆகஸ்ட் 10-ஐத் திருஅவை கறுப்பு நாளாக நினைவுகூர்கிறது.

தனித்தொகுதியை இழந்த படித்த கத்தோலிக்கருக்குப் பெரிய இழப்பு ஒன்றும் நேரவில்லை. சேரியில் திருமுழுக்குப் பெற்றவரோ இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அரசை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரைப் பிரித்து நின்ற சுவரை எந்த அரசாணையும் கட்டச் சொல்லவில்லை. நாமே கட்டினோம்.

ஆகவே, கத்தோலிக்கராக இருப்பதற்கு இன்று என்ன பொருள் என்ற கேள்வியை, நாம் விடாமல் வைத்துக்கொண்ட அந்த 30-ஆம் பிரிவின் வாசலில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். பள்ளிச் சேர்க்கைக் காலத்தில் பங்குத்தந்தையின் கடிதம் கேட்டு நிற்கும் வரிசை உங்களுக்குத் தெரியும். காரில் வந்து இறங்குகிறவரும் நிற்பார். வேலை செய்யும் வீட்டில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த தாயும் நிற்பார். ஒரே ஓர் இடம்தான் மீதி இருக்கிறது என்றால், அது யாருடைய பிள்ளைக்கு?