உறங்காத ஒற்றர்களும் உறங்க வேண்டிய பிள்ளைகளும்



யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்த காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்றும் என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரவு இரண்டு மணி வரை கண்விழித்துப் படிப்பதாகச் சொன்னான். அவனை வகுப்பின் முன் நிறுத்தி மற்றவர்களைக் கைதட்டச் செய்தேன். "கதைகளில் வரும் உளவாளியைப் போல உறங்காமல் உழைக்கிறான், பாருங்கள்!" என்று பாராட்டியும் பேசினேன். தேர்வன்று அவன் கணிதத் தாளின் மேலேயே தலைசாய்த்து உறங்கிவிட்டான். கண்காணிப்பாளர் தட்டி எழுப்பியபோது பாதி நேரம் கடந்திருந்தது. அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிழை என்னுடையது.

நான் உவமை காட்டிய அந்த உறங்காத உளவாளி எங்கிருந்து வந்தான்? இளமையில் நான் விரும்பிப் படித்த ஆங்கிலப் புதினங்களிலிருந்துதான். அவன் பின்னணியை இங்கே சற்று ஆராய்வோம்.

புதினங்களில் உறக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையில் பணியாற்றியவர் இயன் பிளெமிங். அவர் படைத்த ஜேம்ஸ் பாண்ட் 1953ஆம் ஆண்டு 'கேசினோ ரோயல்' என்ற புதினத்தில் அறிமுகமானான். 1955இல் வெளிவந்த 'மூன்ரேக்கர்' புதினத்தில், முக்கியமான சீட்டாட்டம் ஒன்றுக்கு முன் அவன் பென்சிட்ரின் என்னும் ஊக்க மருந்தை மதுவில் கலந்து அருந்துகிறான், ஆட்டத்தில் வெல்கிறான். சோர்வை மருந்தால் வெல்லலாம் என்ற மயக்கத்தை இத்தகைய காட்சிகள் நமக்குத் தந்துவிட்டன.

ஜான் லெ காரே காட்டிய உலகம் வேறு. இவரும் பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றியவரே. 1963இல் வெளிவந்த அவருடைய 'குளிரிலிருந்து வந்த ஒற்றன்' பெர்லின் எல்லைச் சாவடியில் தொடங்குகிறது. தன் ஆளுக்காகக் காத்து நிற்கும் லீமஸ் என்ற உளவாளியிடம் ஓர் அமெரிக்கர் காப்பியைக் கொடுத்து, போய் உறங்கும்படி சொல்கிறார். லீமஸ் மறுக்கிறான். இறுதியில், அவன் காத்திருந்த மனிதன் அவன் கண்ணெதிரிலேயே எல்லையில் சுட்டு வீழ்த்தப்படுகிறான். அவ்வளவு நேரம் கண்விழித்தும் அவனால் எதையும் தடுக்க முடியவில்லை. இங்கே உறக்கமின்மை வீரமாகத் தெரியவில்லை. ஒரு மனிதன் தேய்ந்துபோவதன் அடையாளமாகத்தான் தெரிகிறது.

வரலாற்றில் உறக்கம்

பாண்டின் பென்சிட்ரின் வெறும் கற்பனையன்று. பிரிட்டிஷ் படையினருக்கும், எதிரி நாட்டுக்குள் அனுப்பப்பட்ட இரகசிய முகவர்களுக்கும் அம்மாத்திரை உண்மையிலேயே வழங்கப்பட்டது. செர்மானியப் படைக்கு 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் ஏறத்தாழ 3.5 கோடி ஊக்க மாத்திரைகள் அனுப்பப்பட்டன. ஆனால், மாத்திரை உறக்கத்தை ஒத்திப்போட்டதே தவிர, அதன் தேவையை நீக்கவில்லை. அளவு மீறியவர்கள் தளர்ச்சிக்கும் மனக்குழப்பத்திற்கும் ஆளாயினர்.

பாண்ட் பிறந்த அதே 1953ஆம் ஆண்டில்தான் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தின் நடுவே விழிகள் விரைந்து அசையும் ஒரு நிலை உண்டு என்று அறிவித்தனர். உறங்கும்போது மூளை ஓய்ந்து கிடப்பதில்லை என்பது அதன்பின் தெளிவாயிற்று. பகலில் கற்றதை நினைவில் நிலைநிறுத்தும் வேலை உறக்கத்தில் நடைபெறுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. 1963 இறுதியில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 17 வயது மாணவர் ஒருவர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம் உறங்காமல் இருந்தார். இறுதி நாளில் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கும்படி அவரிடம் சொன்னார்கள். 65 வரை வந்து நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது, தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துவிட்டதாகச் சொன்னார். இதைப் படித்தபோது, கணிதத் தாளின் மேல் உறங்கிய என் மாணவன்தான் என் நினைவுக்கு வந்தான்.

நம் மண்ணில் ஒருவர்

அப்படியென்றால் கண்விழித்தவர்கள் எல்லாரும் அறியாதவர்களா? இல்லை. நம் பேராக் மாநிலத்தின் பாப்பான் சிற்றூரில், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், செவிலியர் சிபில் கார்த்திகேசு இரவில் மறைவாக வந்த கெரில்லாப் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தார். தடைசெய்யப்பட்ட வானொலியில் பிபிசி செய்திகளையும் இரகசியமாகக் கேட்டார். 1943இல் கைதாகிக் கடுஞ்சித்திரவதைக்கு உள்ளானார். போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், 1948இல் மறைந்தார். வேறு வழியில்லாத காலத்தில், பிறர் உயிர்காக்க அவர் தம் உறக்கத்தைக் கொடுத்தார். அது ஈகம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாளின் மதிப்பெண்ணுக்காக அதே ஈகத்தைக் கேட்பது எவ்வகையில் நியாயம்?

"வள்ளுவரே துயிலைக் கேடு தரும் நான்கனுள் ஒன்றாகச் சொல்லியிருக்கிறாரே!" என்று சிலர் கேட்கக்கூடும். நானும் வகுப்பில் பலமுறை அந்தக் குறளைச் சொல்லிப் பிள்ளைகளை எழுப்பியவன்தான். அக்குறள் இடம்பெற்றிருப்பது 'மடியின்மை' அதிகாரத்தில். சோம்பலின் துணையாக வரும் துயிலையே அங்கு அவர் சாடுகிறார் என்பது என் புரிதல். உழைத்துக் களைத்த பிள்ளையின் உறக்கம் அதில் அடங்காது.

நாம் செய்ய வேண்டியது

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் உறங்க வேண்டும் என்று 2016இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் பரிந்துரைத்தது. காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை, இரவு ஒன்பது மணிக்குள் உறங்கினால்தான் அந்தக் குறைந்த அளவாவது கிடைக்கும். பிரத்தியேக வகுப்பு, வீட்டுப்பாடம், கைப்பேசி ஆகியவற்றுள் எதைக் குறைக்கலாம் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியர்களாகிய நாமும் வீட்டுப்பாடத்தின் அளவைச் சிந்திக்க வேண்டும்.

அந்த மாணவன் இன்று நல்ல வேலையில் இருக்கிறான். அண்மையில் சந்தித்தபோது அந்நாளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசினான். என்னால் சிரிக்க முடியவில்லை. "மன்னித்துவிடு தம்பி" என்றேன். இப்போதெல்லாம் வகுப்பில், "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். நேரத்தோடு உறங்கியவனுக்கே கைதட்டல்!

உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எத்தனை மணிக்கு உறங்குகிறார்கள்? இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.