ஊர்கள் எடுத்த படங்களும் ஒரு பழைய பெட்டியும்



ஜெமினி மேம்பாலம் என்று தினமும் சொல்கிறோம். அங்கே எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ இருந்தது என்பது பேரன் பேத்திகளுக்குத் தெரியாது. அடையாறில் ஜானகி எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய மகளிர் கல்லூரி நிற்கும் இடம் முன்பு சத்யா ஸ்டுடியோ. அதற்கும் முன்னால் நெப்டியூன். சென்னையில் ஸ்டுடியோக்கள் இப்படித்தான் பெயராகவோ, பெயர்கூட இல்லாமலோ ஆகிவிட்டன.

ஆனால் தமிழ்ப்படம் என்றால் சென்னை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே ஊழியர் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914-இல் வெரைட்டி ஹால் என்று நிரந்தரக் கொட்டகையே கட்டினார். பிறகு அதே கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் வந்தன. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயர்ந்த ‘ராஜகுமாரி’ (1947), ஜனாதிபதி விருது பெற்ற ‘மலைக்கள்ளன்’ (1954) இரண்டும் கோவைச் சரக்கு. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) அங்கேதான் உருவானது. ஏவி.எம். கூடச் சில ஆண்டுகள் காரைக்குடிப் பக்கம் இருந்துவிட்டுத்தான் 1948-இல் கோடம்பாக்கம் வந்தது.

ஏன் இந்த ஊர்கள்? பஞ்சாலை, நெசவுத் தொழிலில் புரண்ட பணம் ஒரு காரணம். 1930-களில் பைக்காரா, மேட்டூர் நீர்மின்சாரம் வந்தது இன்னொன்று. பிற்பாடு நடிகர்கள், லேபரட்டரி, விநியோகம் எல்லாம் தலைநகரில் குவிய, ஊர் ஸ்டுடியோக்கள் ஒன்றொன்றாக மூடின. சேலத்தில் இன்று ஏற்காடு சாலையில் நிற்பது நுழைவு வளைவு மட்டும்.

இது நம் கதை மட்டுமல்ல. ஹங்கேரியின் ஆரம்பகாலப் படங்கள் பல, தலைநகர் புடாபெஸ்டில் அல்ல, கோலோஷ்வார் என்ற ஊரில் யெனோ யானோவிச் என்ற நாடகக்காரர் எடுத்தவை. ‘காசாபிளாங்கா’ எடுத்த மைக்கேல் கர்டிஸ் அங்கே வேலை செய்தவர். அலெக்சாண்டர் கோர்டாவும் அப்படியே. நம் மைசூர் சாபு நடித்த ‘எலிஃபண்ட் பாய்’ (1937) அவர் தயாரிப்புதான். முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஊரே ருமேனியாவுக்குப் போய்விட்டது. அங்கே எடுத்த மௌனப் படங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. கர்டிஸ் 1914-இல் எடுத்த ஒன்று மட்டும், பல பத்தாண்டுகள் கழித்து நியூயார்க்கில் ஹங்கேரியர்களின் சங்கக் கட்டடத்து நிலவறையில் கிடைத்தது.

நம் கணக்கைப் பாருங்கள். கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. 1931-இல் டி.பி. ராஜலட்சுமி நடித்து வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் தப்பியது ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). அதையும் காப்பாற்றியது ஒரு வழக்கு! நாவலின் உரிமை பற்றிய சண்டையில் படச்சுருள் திருவனந்தபுரத்துப் புத்தகக் கடையில் முடங்கியது. 1974-இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும்.

அந்தக் கால பிலிம் நைட்ரேட். சீக்கிரம் தீப்பிடிக்கும், தானாகவே மக்கும். ஆகவே சுருள் இனிக் கிடைப்பது அரிது. ஆனால் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டில் போட்டோ காகிதம்தானே? பரண்மேல் இருக்கும். படமே போனபின் கதையையும் நடித்தவர் பெயர்களையும் சொல்ல அவைதான் சாட்சி.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். சினிமா பாட்டுப் புத்தகம் இருந்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த சேகரத்தில் பிறந்த நூலகம் அது. சேலம், கோவைச் சொந்தங்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்டுடியோ நாட்கள் நினைவிருந்தால் கேட்டு இங்கே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.