பெயர் பல, பொறுப்பு யாருடையது? கலைத்திட்ட உருவாக்குநரும் கற்பித்தல் வடிவமைப்பாளரும்

முன்னுரை

தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பள்ளிப் பாடநூல்களில் அவற்றை உருவாக்கியவர்களின் பட்டியல் இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் மேலாய்வாளர், பாட வல்லுநர், பாட ஒருங்கிணைப்பாளர், விரைவுக் குறியீடு (QR) மேலாண்மைக் குழு எனப் பல தலைப்புகள் தென்படும். 'வடிவமைப்பு' என்ற சொல் அங்கே பெரும்பாலும் பக்க அமைப்பையும் படங்களையுமே குறிக்கிறது. இவற்றையொத்த பணிகளைச் செய்பவரை ஒரு மின்வழிக் கல்வி நிறுவனம் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் (கற்பித்தல் வடிவமைப்பாளர்) என்கிறது; மற்றொன்று கரிகுலம் டெவலப்பர் (கலைத்திட்ட உருவாக்குநர்) என்கிறது. இதை வெறும் சொற்குழப்பம் என்று ஒதுக்க இயலாது. பாடத்தின் நோக்கத்துக்கு யார் பொறுப்பு என்ற வினாவை இப்பெயர்க் கலப்பு மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரு மரபுகள்

கலைத்திட்டத் துறை பள்ளிக்கூடத்தைச் சார்ந்து வளர்ந்தது. ஃபிராங்க்ளின் பாபிட் 1918இல் அத்துறைக்கென்றே ஒரு நூல் எழுதினார். ரால்ஃப் டைலர் 1949இல் அதை நான்கு வினாக்களாக வகுத்தார்: எந்த நோக்கங்கள், எந்தக் கற்றல் அனுபவங்கள், அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என எவ்வாறு அறிவது. நோக்கங்களைக் கற்பவர், சமகால வாழ்க்கை, பாட அறிஞர் ஆகிய மூன்று ஊற்றுகளிலிருந்து திரட்டித் தத்துவத்தாலும் உளவியலாலும் சலித்தெடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

கற்பித்தல் வடிவமைப்போ பெருமளவு படைப் பயிற்சியில் உருப்பெற்றது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 1975இல் அமெரிக்கப் படைகளுக்காக வகுத்த ஐந்து கட்ட நடைமுறையிலிருந்தே பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு என இன்று வழங்கும் மாதிரி கிளைத்தது. அதன் தொடக்கம் வேலைப் பகுப்பாய்வு. வானொலிக் கருவியைப் பழுதுபார்க்கும் வீரருக்கு அத்திறன் தேவையா என்ற விவாதம் அங்கே எழாது. தேவை முன்பே முடிவானது.

இவ்வேறுபாடு தொழில் வகைப்பாட்டிலும் பதிந்துள்ளது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டு வகைப்பாடு, கலைத்திட்ட உருவாக்குநரை 2351ஆம் பிரிவில் ஆசிரியர்களோடு வைக்கிறது. பணியாளர் பயிற்சி வல்லுநரை 2424ஆம் பிரிவில் வணிக நிர்வாகத்தாரோடு வைக்கிறது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாடும் இதையே அடியொற்றியது. பள்ளிக்கும் நிறுவனத்துக்கும் மாறிமாறி வேலை செய்யும் ஒருவர் எந்தப் பிரிவில் சேர்வார் என்பதற்கு நேரான விடை இல்லை.

ஒரு சோதனை, இரு முடிவுகள்

ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் வரும் ஸ்டார்ச் சோதனையை எடுத்துக்கொள்வோம். இலையைக் கொதிநீரில் இட்டு, பிறகு வெந்நீர்த் தொட்டியில் வைத்த ஆல்கஹாலில் பச்சையம் நீங்கும்வரை சூடாக்கி, கழுவி, அயோடின் கரைசலை விட்டால் ஸ்டார்ச் உள்ள பகுதி கருநீலமாகும். மாணவர் சான்றைக் கொண்டு முடிவுக்கு வரப் பழக வேண்டும் என்பது கலைத்திட்ட முடிவு. அதைச் சோதனையாகச் செய்யவைப்பதா, விரைவுக் குறியீட்டுக்குப் பின்னுள்ள காணொளியாகக் காட்டுவதா என்பது வடிவமைப்பு முடிவு.

காணொளியே போதும் என்று முடிவெடுத்தால், பச்சையம் சரியாக நீங்காத இலையும் நிறம் மாறாத இலையும் வகுப்பறைக்கு வருவதில்லை. 'ஏன் மாறவில்லை?' என்று கேட்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. நோக்கம் ஆய்வுத் திறனிலிருந்து நினைவாற்றலுக்கு இறங்கிவிட்டது. ஆனால் நோக்கத்தை மாற்றியதாக எவரும் கையெழுத்திடவில்லை. வடிவமைப்பு முடிவு ஓசையின்றிக் கலைத்திட்ட முடிவாகிவிடும் இடம் இதுவே.

மறுப்பும் விடையும்

டைலரின் நான்கு வினாக்களில் இரு பணிகளும் அடங்கியிருக்கையில் பெயரைப் பிரிப்பானேன் எனலாம். பணிகளைப் பிரிக்க வேண்டியதில்லை. சிறிய குழுவில் அது இயலவும் இயலாது. ஆனால் ஒருவரே இரண்டையும் செய்யும்போதும், எந்த முடிவை எந்த நிலையில் எடுத்தார் என்பது பதிவாக வேண்டும். வேலை விளம்பரம் எந்த மென்பொருள் தெரியும் என்று கேட்கிறது. நோக்கத்தை மாற்றும் உரிமை அப்பணிக்கு உண்டா என்பதைச் சொல்வதில்லை.

முடிவுரை

பதவிப் பெயர்களை ஒருமைப்படுத்துவதால் மட்டும் இச்சிக்கல் தீராது. ஒவ்வொரு பாட அலகிலும் நோக்கத்தை வகுத்தவர், கற்பிக்கும் வழியைத் தேர்ந்தவர், கற்றலைச் சோதித்தவர் என மூன்று பொறுப்புகளையும் தனித்தனியே குறிக்க வேண்டும். மூன்றிலும் ஒரே பெயர் வந்தாலும் குறையில்லை. ஓரிடம்கூட வெற்றிடமாக இருத்தல் கூடாது.